பார்க்க பொம்மை மாதிரி, சத்தம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை: இந்த கிட்டாரை வாங்கலாமா?

ஆறாம்தந்தி | திங்கள், இரவு 9.15

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் சிங்கப்பூரில் ஒரு சின்ன இசைக்குழு. சமூக மன்ற நிகழ்ச்சி, கல்யாண வரவேற்பு, தீபாவளி சமயத்தில் கம்பெனி விருந்து என்று வாசிக்கிறோம். பெரும்பாலும் எண்பதுகள், தொண்ணூறுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள். கீபோர்டு, டிரம்ஸ், தபேலா, பேஸ், கிட்டார். கிட்டார் நான்.

இப்போது கையில் இருப்பது லெஸ் பால் வகை கிட்டார். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டும் ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் வகை. வீட்டில் தனியாக வாசித்தால் குறையே சொல்ல முடியாது. குழுவோடு சேரும்போதுதான் சிக்கல். கீபோர்டுக்காரர் இடது கையால் நீளமாக ஒரு கார்டு பிடித்தார் என்றால் என் சத்தம் அதற்குள் அமிழ்ந்துவிடுகிறது. வால்யூமைக் கூட்டினால் பாடகி திரும்பிப் பார்க்கிறார். ஆம்பில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) ட்ரெபிளை, அதாவது மேல் ஒலியை, ஏற்றினால் காதைக் குத்துகிறதே தவிர சுரம் தெளிவதில்லை.

சனிக்கிழமை பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு கடையில் பழைய டேனலெக்ட்ரோ கிட்டார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த மறுபதிப்பு, இரண்டு பிக்கப், இரண்டு கொம்பு வைத்த உடல். நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப்பில் ஒரு கார்டை மெதுவாகப் பிரித்து வாசித்தேன். ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்டன. ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்குகிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. சுவிட்சை நடுவில் வைத்தால் சத்தம் பெரிதாகி அடியும் கனத்தது. கடையை விட்டு வந்த பிறகும் அந்த ஒலி காதிலேயே இருக்கிறது.

ஆனால் தோற்றம்! பக்கவாட்டில் சுற்றிலும் வால்பேப்பர் மாதிரி ஒரு நாடா ஒட்டியிருக்கிறது. பிக்கப் பார்க்க உதட்டுச்சாயக் குழாய். படம் காட்டினேன், அக்கா மகன் "மாமா, இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டான். எங்கள் குழுத்தலைவருக்கும் தயக்கம்தான். கல்யாண மேடையில் எல்லோரும் பட்டு கட்டி நிற்கும்போது இது எடுபடாது என்கிறார்.

ஒலிக்காக மட்டும் இப்படி ஒன்றை வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? ஒரு வருடம் கழித்தும் அதையே வாசிக்கிறீர்களா?

சாலிடர்புகை | திங்கள், இரவு 10.02

தம்பி, உங்களை இழுத்தது அந்தப் பிக்கப்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

லிப்ஸ்டிக் பிக்கப் என்பது மிக எளிமையான சாமான். ஒரு அல்நிகோ காந்தப் பட்டை, அதைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பி, மொத்தத்தையும் குரோம் பூசிய உலோகக் குழாய்க்குள் அடைத்திருப்பார்கள். ஆரம்பத்தில் உண்மையான உதட்டுச்சாய உறைகளையே வாங்கிப் போட்டார்கள். மின்தடை 4 முதல் 5 கிலோ ஓம் வரும். கிப்சனின் பழைய ஹம்பக்கர் ஏழரை, எட்டைத் தொடும். கம்பிச் சுற்று குறைந்தால் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) குறைகிறது, பிக்கப்பின் ஒத்ததிர்வு உச்சம், அதாவது அது மிக அழுத்தமாகக் காட்டும் இடம், மேலே ஏறுகிறது. தந்தியைத் தொடும் அந்த முதல் கணத்தில் இருக்கும் மேல் சுரங்கள் வெட்டுப்படாமல் ஆம்ப் வரை போய்ச் சேர்கின்றன. நீங்கள் "எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது" என்று எழுதியிருப்பது இதைத்தான்.

ஹம்பக்கரில் அந்த மேல்பகுதி பிக்கப்பிலேயே குறைந்துவிடுகிறது. ஆம்பில் ட்ரெபிளை ஏற்றுவதால் திரும்ப வராது. இல்லாததைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

ஆகவே என் யோசனை: இரண்டு லிப்ஸ்டிக் பிக்கப் வாங்கி ஒரு நல்ல ஸ்ட்ராட்டில் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில்) போடுங்கள். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகன் அதைத்தான் செய்தார். சார்லி வெர்ஸ் அவருக்குக் கட்டிக்கொடுத்த வெள்ளை ஸ்ட்ராட்டில் மூன்றும் லிப்ஸ்டிக். இன்னொரு கிட்டார் கலைஞர் ரை கூடர் ஒரு டெயிஸ்கோ கிட்டாரின் கோல்டுஃபாயில் பிக்கப்பை ஸ்ட்ராட்டில் போட்டு வாசித்தார், இன்றுவரை அந்த ஒலியைத் தேடி ஆட்கள் அலைகிறார்கள். பார்வையும் போகாது, ஒலியும் கிடைக்கும். பிறகு நெக், டியூனிங் எல்லாம் நம்பிக்கையானது.

பழையகடை | திங்கள், இரவு 11.20

சாலிடர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பிக்கப்தான் பெரிய பங்கு, அதில் சண்டை இல்லை. ஆனால் அந்த கிட்டாரை வெறும் பிக்கப் தாங்கியாகப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நேதன் டேனியல் 1947-இல் டேனலெக்ட்ரோவைத் தொடங்கியது ஆம்ப் செய்வதற்கு. கிட்டார் 1954-இல்தான் வந்தது. சியர்ஸ் கடையின் தபால் பட்டியலில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் வாசிக்க நன்றாக இருக்க வேண்டும். அதற்காக அவர் ஒவ்வொரு பாகத்தையும் முதலிலிருந்து யோசித்தார். உடலுக்கு ஒரு மரச்சட்டம், மேலும் கீழும் மேசனைட், அதாவது அழுத்திச் செய்த மரநார்ப் பலகை. உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். பலகையின் ஓரம் அசிங்கமாகத் தெரியும் என்பதால்தான் தம்பி பார்த்த அந்த நாடா. நட், அதாவது நெக்கின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் துண்டு, அலுமினியம். தந்தி உட்காரும் பிரிட்ஜில் ஒரே ஒரு ரோஸ்வுட் துண்டு. பழையவற்றில் நெக்குக்குள் இரண்டு எஃகுக் கம்பிகள், முறுக்கிச் சரிசெய்ய வழியில்லை, ஆனால் பல இன்றும் நேராக இருக்கின்றன.

அப்புறம் வயரிங். ஃபெண்டர், கிப்சன் எல்லாம் இரண்டு பிக்கப்பையும் இணையாகக் கோர்ப்பார்கள். டேனலெக்ட்ரோவில் அவை தொடராகக் கோர்க்கப்பட்டவை. இரண்டும் சேரும்போது சத்தம் கூடுவது அதனால்தான். மேடையில் தனி வாசிப்பு வரும் இடத்தில் சுவிட்சை நடுவில் தள்ளினால் போதும், காலடியில் சத்தம் கூட்டும் பெட்டி எதுவும் வேண்டாம்.

லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் மேடையில் டேனலெக்ட்ரோ 3021 மாதிரியை எடுத்தது பணம் இல்லாமையால் இல்லையே. அவரிடம் லெஸ் பாலும் இருந்தது. குறிப்பிட்ட சில பாட்டுக்கு இதுதான் வேண்டும் என்று எடுத்தார்.

வீணைவழி | செவ்வாய், காலை 7.05

எல்லோரும் சுரம் எப்படித் தொடங்குகிறது என்று பேசுகிறீர்கள். எப்படி அடங்குகிறது என்றும் கேளுங்கள் தம்பி.

நான் சின்ன வயதிலிருந்து வீணை, இப்போது கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன். தம்புராவில் பாலத்துக்கும் தந்திக்கும் நடுவே ஜீவாளி நூலை நகர்த்தும்போது, மயிரிழை தூரத்தில் நாதம் திறந்துகொள்வதைக் கேட்டிருப்பீர்கள். தந்தியை மாற்றவில்லை, குடத்தை மாற்றவில்லை. தந்தி பாலத்தைத் தொடும் இடம் மட்டும் மாறியது. அதனால்தான் எந்த கிட்டாரை எடுத்தாலும் நான் முதலில் பிரிட்ஜைப் பார்க்கிறேன்.

டேனலெக்ட்ரோவில் தந்தி மரத்தின் மேல் உட்கார்கிறது. உடல் முழுக்கத் திடமான மரக்கட்டையும் கிடையாது. சுரம் பளிச்சென்று எழுந்து சீக்கிரமே அடங்குகிறது. இது சிலருக்குக் குறை. நீண்ட கமகத்துக்கு, ஒரு சுரத்தில் நின்று அசைப்பதற்கு, எனக்கு அது போதாது. ஆனால் திரைப்பாட்டின் நடுவே வரும் அர்ப்பெஜியோவுக்கு, அதாவது கார்டைப் பிரித்து வாசிப்பதற்கு, அந்த அடக்கம்தான் வேண்டும். முந்தைய சுரம் வழிவிட்டால்தான் அடுத்த சுரம் கேட்கும்.

பிக்கப்பை ஸ்ட்ராட்டுக்கு மாற்றினால் தொடக்கம் வரும். அடக்கம் வருமா என்பதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு செய்தி. 1967-இல் இதே நிறுவனம் கோரல் என்ற பெயரில் மின் சித்தார் ஒன்றை வெளியிட்டது. வின்ஸ் பெல் என்ற ஸ்டுடியோ கிட்டார் கலைஞர் உருவாக்கியது. தட்டையான ஒரு பாலத்தில் தந்தி உரசி இரைகிற மாதிரி செய்து, பக்கத்தில் 13 பரிவுத் தந்திகளும் வைத்தார்கள். அதில் பிக்கப் மூன்றும் நீங்கள் பார்த்த அதே லிப்ஸ்டிக்தான். பாலம் மாறியதும் அது வேறு வாத்தியமாகிவிட்டது.

நான்குதந்தி | செவ்வாய், மதியம் 12.40

பேஸ் வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். குழுவில் கிட்டார் காணாமல் போவதற்கு முக்கால்வாசி காரணம், எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பது. கீபோர்டின் இடது கை, என் பேஸின் மேல் பாதி, தபேலாவின் பாயான் (இடது கை முரசு), உங்கள் ஹம்பக்கரின் கீழ்ப்பகுதி, நான்கும் 100 முதல் 400 ஹெர்ட்ஸ் சுற்றிலேயே குவிகின்றன. அங்கே நீங்கள் எவ்வளவு சத்தம் கூட்டினாலும் சேறுதான்.

மெல்லிய பிக்கப் அந்த இடத்தைத் தானாகவே காலி செய்துவிடும். தனியாகக் கேட்டால் ஒல்லியாக இருக்கிறதே என்று தோன்றும். குழுவில் வைத்தால் பாடகியின் குரலுக்கும் டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டுக்கும் நடுவில் அழகாக உட்காரும். எங்கள் குழுவில் கிட்டார்காரர் ஜாஸ்மாஸ்டர் கிட்டாருக்கு மாறிய பிறகு நான் என் வரிகளைச் சரியாகக் கேட்கிறேன். அதன் பிக்கப்பும் அகலமான, தட்டையான சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்), 1958-இல் ஜாஸ் வாசிப்பவர்களுக்கென்று ஃபெண்டர் கொண்டுவந்தது. ஜாஸ்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சர்ஃப் (கடலலை) இசை வாசிப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பல ஆண்டுகள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடந்தது. அந்தக் கோணலான உடலைப் பார்த்து ஒதுக்கினார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கடையில் தனியாக வாசித்து முடிவெடுக்க வேண்டாம். கடைக்காரரிடம் பேசி, ஒரு நாள் பயிற்சிக்கு எடுத்துப் போக முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்த மாதிரி வைத்திருக்கும் யாரையாவது பிடியுங்கள். கீபோர்டுக்காரர் கூட இருக்க வேண்டும்.

மேடைவெளிச்சம் | செவ்வாய், மாலை 6.30

நான் எதிர்க்கட்சி. பார்வையை ஏன் இவ்வளவு எளிதாகத் தள்ளுகிறீர்கள்?

1961 நவம்பரில் ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் இங்கே ஹேப்பி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் வாசித்தார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எத்தனை கிட்டார் குழுக்கள் முளைத்தன! ஷேடோஸ் கிட்டார்காரர் ஹாங்க் மார்வினின் எக்கோ ஒலி ஒரு பக்கம், அவர் கையில் இருந்த சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் பையன்களை இழுத்திருக்கும். கிப்சன் 1963-இல் ஃபயர்பேர்டு கிட்டாரை வெளியிட்டபோது அதை வரைய ரே டீட்ரிச் என்ற கார் வடிவமைப்பாளரை வைத்துக்கொண்டது. தயாரிப்பவர்களே தோற்றத்தை அவ்வளவு மதிக்கிறார்கள்.

கல்யாண வரவேற்பு என்பது காசு கொடுத்துக் கூப்பிடும் நிகழ்ச்சி. பெண் வீட்டார் மேடையைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். குழுத்தலைவர் சொல்வதை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். கிட்டாரை எடுக்கும்போது உங்களுக்கே கூச்சமாக இருந்தால் அது வாசிப்பிலும் வரும்.

பழையகடை | செவ்வாய், மாலை 7.10

அது நியாயமான பேச்சு. ஆனால் மேடைவெளிச்சம், எதை விசித்திரம் என்று சொல்கிறோம் என்பது பழக்கம்தானே. கிப்சனின் V வடிவ கிட்டார் ஃபிளையிங் வீ 1958-இல் வந்தபோது வாங்க ஆளில்லாமல் சீக்கிரமே நிறுத்தினார்கள். இன்று அந்த முதல் வரிசை ஒன்று கிடைத்தால் வீடு வாங்கும் விலை சொல்வார்கள். ஏர்லைன் என்று ஒரு கண்ணாடியிழை கிட்டார், மாண்ட்கோமரி வார்டு தபால் பட்டியலில் விற்றது. ராக் கலைஞர் ஜாக் ஒயிட் சிவப்பு ஏர்லைனைக் கையில் எடுத்த பிறகு அதையே அழகு என்கிறார்கள்.

நல்ல வாசிப்பு நாலு பாட்டு கேட்ட பிறகு, அந்த மேடையில் அந்த கிட்டார் பொருந்திவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம்தந்தி | செவ்வாய், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. வீணைவழி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் லெஸ் பாலை எடுத்து, சுரம் அடங்குவதை மட்டும் கேட்டுப் பார்த்தேன். நான் வாசிக்கும் அர்ப்பெஜியோக்களில் நான்காவது சுரம் வரும்போது முதல் சுரம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. இவ்வளவு நாளாக அதை நிறைவு என்று நினைத்தேன். கீபோர்டுக்காரருடன் முட்டுவது அதுதான் போல.

இரண்டு கேள்விகள். ஒன்று, வெளிநாட்டுத் தளங்களில் அறுபதுகளின் அசல் டேனலெக்ட்ரோ, சில்வர்டோன் வருகின்றன. மறுபதிப்பை விட்டுவிட்டு அதற்குப் போகலாமா? இரண்டு, மரநார்ப் பலகை நம் ஊர் ஈரத்தைத் தாங்குமா?

பழையகடை | செவ்வாய், இரவு 10.45

அசலுக்குப் போவதற்கு முன் செலவை முழுசாகக் கூட்டிப் பாருங்கள். இசைக்கருவிக்கு இங்கே சுங்கவரி இல்லை, ஆனால் பொருள், சேவை வரி உண்டு. 2024-லிருந்து 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருள் விமானத்தில் வந்தால் உள்ளே வரும்போது கட்ட வேண்டும். அதுவும் கிட்டார் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்த்த தொகைக்கு.

அதைவிட முக்கியம், மரம். அந்தக் காலத்து கிட்டார்கள் பலவற்றில் ஃபிரெட்போர்டு (விரல் அழுத்தும் பலகை) பிரேசில் ரோஸ்வுட். அது 1992-லிருந்து, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுப்பும் நாட்டின் அனுமதியும் வேண்டும், இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வேண்டும். மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 கடைசியில் விலக்கு கொடுத்தார்கள், பிரேசில் வகைக்கு அந்த விலக்கு இல்லை. "யாரும் பார்ப்பதில்லை, அனுப்புகிறேன்" என்று சொல்லும் விற்பனையாளரை நம்பாதீர்கள். பிடித்தால் கிட்டாரும் போகும், காசும் போகும்.

கல்யாண மேடைக்கு மறுபதிப்பே நல்லது. அதில் நெக்கை முறுக்கிச் சரிசெய்யலாம். கரௌசல் விற்பனைத் தளத்திலும் அவ்வப்போது வருகிறது, ஆனால் நேரில் வாசிக்காமல் வாங்க வேண்டாம்.

ஈரக்காற்று | புதன், காலை 8.20

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். கிட்டார் பழுது பார்ப்பதுதான் என் தொழில்.

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். மேசனைட்டின் முகப்பு மழமழப்பானது, பெயிண்டும் பூசியிருக்கும், அது ஒன்றும் ஆகாது. ஓரம்தான் பலவீனம். வெட்டிய ஓரத்தில் ஈரம் ஏறினால் பலகை உப்பும். அதனால் அந்தப் பக்கவாட்டு நாடாவைக் கேலி செய்யாதீர்கள், வெட்டிய ஓரம் அதற்குள்தான் இருக்கிறது. வாங்கப் போகும்போது விரல் நகத்தால் நாடாவின் ஓரத்தை முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். வலது முழங்கை படும் இடத்தில்தான் முதலில் கிளம்பும், வியர்வையால். கிளம்பியிருந்தால் கீழே பலகை மிருதுவாக இருக்கிறதா என்று லேசாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் மறுபடி ஒட்டிவிடலாம், பெரிய வேலை இல்லை.

திருகு ஓட்டைகளையும் பாருங்கள். பிரிட்ஜ் திருகுகள் உள்ளே இருக்கும் மரக்கட்டையைப் பிடிக்கின்றன. கையால் ஆட்டினால் அசையக் கூடாது.

விசித்திர கிட்டார்களில் நம் ஊருக்கு நான் தயங்குவது அலுமினிய நெக். டிராவிஸ் பீன் எழுபதுகளில் செய்தார், கிரேமரும் செய்தது. ஒலி அபாரம், ஒரு சுரம் முடிவில்லாமல் நிற்கும். ஆனால் உலோகம் சூட்டுக்கு நீளும். குளிரூட்டிய பயிற்சி அறையில் சுருதி கூட்டி, வெளியே திறந்த மேடையில் வெயிலில் நின்றால், கை பட்டுச் சூடேற ஏற ஆறு தந்தியும் நகரும். அதைச் சமாளித்து வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன்.

சாலிடர்புகை | புதன், மதியம் 1.15

வாதத்தை நீட்ட வேண்டாம். என்னிடம் லிப்ஸ்டிக் பிக்கப் போட்ட ஸ்ட்ராட் இருக்கிறது, நானே மாற்றியது. தம்பி, அந்தக் கடை கிட்டாரை ஒரு நாள் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கொடுத்தால் ஜாம் அறையில் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். ஒரே ஆம்ப், ஒரே கேபிள், ஒரே தந்தி அளவு.

கேபிளை வலியுறுத்திச் சொல்கிறேன். ஒரு மீட்டர் கேபிளில் ஏறத்தாழ 100 பிகோஃபேரட் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) இருக்கும். நீளம் கூடினால் பிக்கப்பின் உச்சம் கீழே இறங்கும். மூன்று மீட்டர் கேபிளில் ஒன்றையும் ஆறு மீட்டர் கேபிளில் இன்னொன்றையும் கேட்டுவிட்டு கிட்டார் வித்தியாசம் என்று சொன்னால் ஏற்க மாட்டேன்.

நான்குதந்தி | புதன், மதியம் 1.40

நான் பேஸோடு வருகிறேன். கேட்பவர்கள் கிட்டாருக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பார்த்துக்கொண்டே கேட்டால் கண் சொல்வதைக் காது ஒப்பித்துவிடும்.

ஆறாம்தந்தி | ஞாயிறு, இரவு 8.30

நேற்று நடந்தது. கடைக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டு நல்ல மனதோடு கொடுத்தார். சாலிடர் அண்ணன், நான்குதந்தி, எங்கள் கீபோர்டுக்காரர், பாடகி, நான். குழுத்தலைவரும் வந்தார்.

முதலில் தனியாக. நெக் பிக்கப் மட்டும் வைத்து இரண்டிலும் ஒரே அர்ப்பெஜியோவை வாசித்தேன். மெதுவான வேகத்தில் அண்ணனின் ஸ்ட்ராட்டுக்கும் டேனலெக்ட்ரோவுக்கும் தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முதுகு காட்டி நின்றவர்களில் பாதிப் பேர் மாற்றிச் சொன்னார்கள். சாலிடர் அண்ணன் சொன்னது அந்த அளவுக்கு உண்மை.

பிறகு குழுவோடு. கீபோர்டுக்காரரை வழக்கம்போல இரண்டு கையாலும் நிறைத்து வாசிக்கச் சொன்னேன். இங்கேதான் பிரிந்தது. ஸ்ட்ராட்டில் சுரங்கள் தெளிவாக வந்தன, ஆனால் ஒன்றின் வால் அடுத்ததன் மேல் விழுந்தது. டேனலெக்ட்ரோவில் ஒவ்வொரு சுரமும் எழுந்து, இடம் விட்டு, அடங்கியது. பாடகி திரும்பிப் பார்க்காமலே "இது நல்லாயிருக்கு, எனக்குப் பிட்ச் பிடிக்க லேசாயிருக்கு" என்றார். அவர் சொன்னபோது நான் வாசித்தது டேனலெக்ட்ரோ. கொஞ்ச நேரம் கழித்து வரிசையை மாற்றி வாசித்தேன், மறுபடி அதையே சொன்னார்.

நடு நிலையில் வித்தியாசம் இன்னும் அதிகம். தொடராகக் கோர்த்த சத்தம் ஒரு படி மேலே நின்றது. கீபோர்டுக்காரர், "தனி வாசிப்புக்கு இதை வை, நான் கையை எடுத்துடறேன்" என்றார். எனக்கு அதுதான் பெரிய விஷயம். கிட்டாருக்கு இடம் கொடுக்க அவருக்கே தோன்றியது.

ஒரு குறை. மின்விளக்கு மங்கலாக்கும் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றால் இரைச்சல் வருகிறது. அண்ணன் சொன்னார், உலோகக் குழாய் ஓரளவுதான் மறைக்கும், 50 ஹெர்ட்ஸ் மின்காந்தப் புலம் சிங்கிள் காயிலுக்குள் வரத்தான் செய்யும் என்று. கிட்டாரோடு வேறு பக்கம் திரும்பி நின்றபோது பாதி குறைந்தது.

வாங்கிவிட்டேன்.

சாலிடர்புகை | ஞாயிறு, இரவு 9.05

அறையில் நானும் கேட்டேன். தொடர் வயரிங்கை என் ஸ்ட்ராட்டிலும் ஒரு சுவிட்ச் வைத்துக் கொண்டுவந்துவிடலாம், அது பத்து நிமிட வேலை. அந்த அடக்கத்தைக் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. பிரிட்ஜா, உள்ளே இருக்கும் வெற்றிடமா, இரண்டும் சேர்ந்தா என்று பிரித்துப் பார்க்க ஆசை. தம்பி சம்மதித்தால் ஒரு நாள் அந்த ரோஸ்வுட் துண்டுக்குப் பதில் உலோகம் போட்டுக் கேட்கலாம்.

மேடைவெளிச்சம் | ஞாயிறு, இரவு 9.30

வாழ்த்துகள். குழுத்தலைவர் என்ன சொன்னார்?

ஆறாம்தந்தி | ஞாயிறு, இரவு 9.48

கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வாங்கச் சொன்னதே அவர்தான். மேடைக்குக் கறுப்பு ஸ்ட்ராப் போடச் சொன்னார், போட்டுவிடுகிறேன். நிறமும் கறுப்பு என்பதால் பட்டு வேட்டியோடு அவ்வளவு மோசமாக இருக்காது.

அண்ணே, ரோஸ்வுட்டை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் அடுத்த மாதக் கல்யாணம் முடியட்டும்.

இன்னொரு சந்தேகம். 12-ஆவது ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கட்டில்) மூன்றாம் தந்தியின் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கிறது. மற்ற ஐந்தும் சரி. பிரிட்ஜில் தந்தி தந்தியாகத் திருப்பத் திருகு இல்லையே?

ஈரக்காற்று | ஞாயிறு, இரவு 10.10

ஒரே மரத்துண்டு என்பதால் தனித்தனியாகச் செய்ய முடியாது. மூன்றாம் தந்திக்குச் சுற்றுக்கம்பி போட்டது வாங்குங்கள். 11-இல் (முதல் தந்தி 0.011 அங்குலம்) தொடங்கும் சில செட்டுகளில் மூன்றாம் தந்தி சுற்றியதாகக் கிடைக்கும், கடையில் அப்படிக் கேட்டு வாங்குங்கள். வெறும் கம்பியைவிட அது இந்த மாதிரி நேர் பிரிட்ஜில் சுருதியோடு நிற்கும். தந்தி கனக்கும், அதனால் நெக்கை ஒரு முறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

மாற்றிய பிறகு மரத்துண்டின் ஒற்றைத் திருகைத் தளர்த்தி, முதல் தந்தியையும் ஆறாம் தந்தியையும் மட்டும் 12-ஆவது ஃபிரெட்டில் சரிபார்த்துச் சாய்வை வையுங்கள். நடுவில் உள்ளவை தானாக அருகில் வந்துவிடும். உடல் மூன்று கிலோகூட இராது, நெக் கீழே சாயும், ஆகவே அந்தக் கறுப்பு ஸ்ட்ராப்பை வழுக்கும் நைலானில் வாங்காமல் உள்பக்கம் சொரசொரப்பான தோலில் வாங்குங்கள்.

ஆறாம்தந்தி | ஞாயிறு, இரவு 10.16

சரி அண்ணே. நாளை வேலை முடிந்ததும் தந்தியும் ஸ்ட்ராப்பும் வாங்கிவிடுகிறேன்.